பாக்கி வைத்த மலை

அன்புள்ள நெட்டைக்கு,

குட்டை எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் மகள் நேற்று போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன வாரம் என்னிடம் "எனக்கு என்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சொன்னாயே, அப்போதே நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு படுத்திருந்தாயாம். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டதற்கு டிவி என்றாய். ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரியில் கழித்தவளிடம் மானிட்டர் சத்தத்தை டிவி என்று சொல்ல உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்.

போனில் பேசித் தீர்க்கலாம் என்றால் நீ விடுவதில்லை. உன் காலைப் பற்றி எடுத்தால் என் முழங்காலைப் பற்றி விசாரிக்கிறாய். டாக்டர் என்ன சொன்னார் என்றால் அந்த டாக்டருக்கு மீசை எடுபடவில்லை என்கிறாய். அதனால்தான் கடிதம். நான் எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது. இதைப் படம் எடுத்து உன் மகளுக்கு அனுப்புவேன். அவள் அச்செடுத்து உன் கையில் கொடுப்பாள். கண்ணாடியைக் காணோம் என்று சாக்குச் சொல்லாதே, அது உன் தலைமேல்தான் இருக்கும்.

உன் மகள் சொன்னதை நான் புரிந்துகொண்டது சரிதானா பார். இந்தப் பனிக்காலத்தில் இளவயதில் நாம் பாக்கி வைத்த அந்த மலைக்கு மறுபடி போவது என்று நீயாகவே முடிவு கட்டியிருக்கிறாய். யாரிடமும் சொல்லவில்லை. புதிதாக மலை ஷூ வாங்கி, அது காலுக்குப் பழக வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்திருக்கிறாய். ஷூ கடித்திருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன கால், உனக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, வீட்டில் ஏதோ வாடை வருகிறதே என்று உன் மகள் எலியைத் தேடியிருக்கிறாள். கடைசியில் அது உன் கால் விரலாக இருந்திருக்கிறது. இப்போது முன்பாதத்தை எடுத்துவிட வேண்டும், இப்போதே எடுத்தால் குதிகால் தப்பிக்கும், தள்ளிப் போட்டால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சாது, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டால் ஆளே மிஞ்சமாட்டாள் என்று டாக்டர் சொல்கிறார். நீ மாட்டேன் என்கிறாய். "பனி உருகறதுக்குள்ள அந்த மலையை முடிச்சிட்டு வந்துடறேன், அப்புறம் நீங்க எதை வேணா வெட்டிக்கோங்க" என்றாயாம். உன் மகள் இதைச் சொல்லும்போது அழுதாள். உன் கடைசி ரத்தப் பரிசோதனை எண்களைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாள். நான் கேட்டுக்கொண்டு, சரிம்மா, அத்தை யோசிச்சு சொல்றேன் என்று போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த எண்கள் வேறு யாருடையதாவது என்றால், லேபில் வேலை பார்த்தபோது செய்த மாதிரி, பேசாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்கிற கடிகாரத்தை எல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறார். ரிப்பேர் செய்கிறாராம். எங்களுக்கு மணி தெரிய வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது. உனக்கு இப்படி என்று சொன்னதும் மனிதர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து பீரோவைத் திறந்து, "உன் பாஸ்போர்ட் எங்கே" என்று என்னிடம் கேட்டார்.

நெட்டை, நம் லேப் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கட்டிடத்தின் அடியில், ஜன்னலே இல்லாமல், மழையா வெயிலா என்று ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அறை. நீ உள்ளே வரும்போதெல்லாம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வாய், நான் மேல் தட்டில் இருக்கும் பெட்டியை எடுக்க ஸ்டூல் தேடுவேன். நமக்கு நெட்டை, குட்டை என்று பெயர் வைத்தவர் பெரிய டாக்டர்தான். ரத்தப் பைகள் வைக்கும் ஃப்ரிட்ஜ் கதவின் உட்புறத்தில் நீ ஒரு பனிமலைப் படத்தை ஒட்டி வைத்திருந்தாய். ஏதோ காலண்டரிலிருந்து கிழித்தது. பெரிய டாக்டர் ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ரத்தம் வைக்கிற இடம்மா, காலண்டர் மாட்டுற இடம் இல்ல" என்றார். நீ கொஞ்சமும் அசராமல், "மலைன்னா குளிர்லதானே சார் இருக்கணும்" என்றாய். அவர் சிரித்துவிட்டார். அந்தப் படம் நீ போன பிறகும் இருந்தது. யாரும் கிழிக்கவில்லை. கிழிக்க நான் விடவில்லை என்பதுதான் சரி.

வெளிநாட்டில் அந்த வேலை கிடைத்து நீ கிளம்பிப் போன பிறகு உன் நாற்காலிக்கு வந்தவள் நல்லவள்தான், வேலையும் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். நாள் முழுக்கச் சுற்றுகிற இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கும். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தாலே மலை தெரிகிறது, விடுமுறை எடுத்துக்கொண்டு வா, பனிக்காலத்தில் எல்லாம் பாதி விலை, அந்தக் குளிரில் பைத்தியக்காரர்கள்தான் மலைக்கு வருவார்கள், அதனால் நாம் போகலாம் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வந்ததே கோபம். "கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கொண்டுபோய் ஐஸ்ல கொட்டப் போறியா" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே தன் கம்பளிச் சால்வையை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

பெட்டியின் எடைக்குக் கூடுதல் காசு கேட்பார்கள் என்று நீ பயமுறுத்தியதால் இருக்கிற துணியை எல்லாம் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். உட்கார்ந்தால் கை மடங்கவில்லை. அங்கே இறங்கியதும் சோதனை செய்கிற அம்மா ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னாள். கழற்றக் கழற்ற உள்ளே இன்னொன்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மேஜை மேல் ஒரு துணிக்கடையே விரிந்தது. வெளியே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான் வந்து கட்டிப் பிடித்தபோது நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விடவே இல்லை. அந்த ஊரில் உன்னிடம் இரண்டு வருஷமாக யாரும் நம் மொழியில் பேசியதில்லை என்று அப்புறம்தான் சொன்னாய்.

சலவைக் கடைக்கு மேலே இருந்த உன் ஒற்றை அறை. அறையைச் சூடாக்க நீ ஒரு காசு செலவு செய்ததில்லை. கீழே துணி காய வைக்கிற இயந்திரங்கள் ஓடும் வரை தரை வெதுவெதுவென்று இருக்கும். கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்தியதும் நாம் இருவரும் ஓடிப்போய் ஒரே போர்வைக்குள் நுழைந்துகொள்வோம். உன் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அறையை அப்படியே இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும், எனக்கு வரைய வராது என்றாலும்.

கேஸ்காரர் வந்துவிட்டார், எழுந்து போய்விட்டு வந்தேன். எங்கே விட்டேன்?

சாமான் வாங்கிய கதை. பழைய சாமான் விற்கும் கடையில் எனக்கு ஷூ தேடினோம். என் அளவுக்குக் குழந்தைகள் ஷூதான் கிடைத்தது, பக்கத்தில் முயல் படம் போட்டது. உனக்கு ஆண்கள் பக்கத்தில் கிடைத்தது. மலையேறுகிறவர்கள் ஊன்றும் கம்பு விலையைக் கேட்டுவிட்டு நீ கடையை விட்டே வெளியே வந்துவிட்டாய். சலவைக் கடைக்காரரிடம் தரை பெருக்குகிற இரண்டு துடைப்பக் கட்டைகளைக் கேட்டு வாங்கினாய். துடைப்பக்கட்டையை ஊன்றி மலையேறின பெண்கள் உலகத்தில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். அடிவாரத்துக்குப் போன பஸ்ஸில் டிரைவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேலே பனியைப் பெருக்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், ரொம்பக் குப்பையாகக் கிடக்கிறது என்று புகார் வந்தது என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நீ மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த மனிதர் கடைசி வரை கண்ணாடியில் நம்மைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அப்புறம் அந்த ரப்பர் பட்டை. ஷூவுக்குள் பனி புகாமல் இருக்கக் கணுக்காலுக்கு மேல் மாட்டுகிற உறை ஒன்று விற்கிறார்கள், அது நம் பஸ் டிக்கெட்டைவிட விலை அதிகம். நீதான் மூளைக்காரி ஆயிற்றே. பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி மேலே இறுக்கிக் கட்டினால் போதும் என்றாய். கட்ட என்ன இருக்கிறது என்றேன். உன் கோட்டுப் பையிலிருந்து நாலு பட்டையை எடுத்துப் போட்டாய். லேபில் ரத்தம் எடுக்கும்போது மேல் கையில் கட்டுகிற அதே ரப்பர் பட்டை. நாம் இரண்டு பேரும் அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தப் பட்டை எதற்கு இருக்கிறது? ரத்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு. நாள் பூராவும் ஊரார் கையில் அதைக் கட்டி, ஒரு நிமிஷத்துக்கு மேல் விடக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நாம். படிக்காத ஒரு ஆள் கயிற்றால் கட்டியிருந்தால் கூட லூசாகக் கட்டியிருப்பான். எனக்கோ லேபில் கட்டுக்குப் பெயர் வேறு. நான் கட்டினால் எப்படிப்பட்ட நரம்பும் எழுந்து நிற்கும் என்று பெரிய டாக்டரே சொல்லுவார். அதே கைராசியோடு என் காலுக்குக் கட்டிக்கொண்டேன்.

பனிக்காலத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் அந்த மலை விடுதியில் ஒரு சின்ன அறையை மட்டும் நடந்து வருகிறவர்களுக்காகத் திறந்து வைத்திருப்பார்கள், அதற்கு வாடகை இல்லை என்று நீ முதலிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாய். வாடகை இல்லை என்ற வார்த்தைக்காக அந்த ஏற்றம் முழுக்க ஏறினோம். உள்ளே நாலு மரப்பலகைப் படுக்கை, ஒரு இரும்பு அடுப்பு, ஈர விறகு. ஊதி ஊதி நமக்கு மூச்சு போனதுதான் மிச்சம். நாம் வேக வைத்துக் கொண்டு போன முட்டை கல்லாக உறைந்திருந்தது. ரொட்டியை அடுப்பு மேல் வைத்தால் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் ஐஸ். வெளியே போய்ப் பானை நிறையப் பனியை அள்ளி வந்து உருக்கினால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் இருந்தது. அதில் போட்ட டீயைத்தான் நான் என் வாழ்நாளில் குடித்த நல்ல டீ என்று இன்றைக்கும் வீட்டுக்காரரிடம் சொல்கிறேன். தினமும் எனக்கு டீ போட்டுக் கொடுக்கிற மனிதர், பாவம்.

அன்று நீ பேசினாய். அதுவரை எல்லாம் சிரிப்பாகவே இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அந்தப் படத்தை ஏன் ஒட்டி வைத்திருந்தாய் என்று சொன்னாய். சின்ன வயதில் உன்னை எந்த விளையாட்டிலும் சேர்க்க மாட்டார்களாம், உயரமான பெண் ஓடினால் நன்றாக இருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். "எங்கேயாவது ஒரு இடத்துல நான் நிமிர்ந்து நிக்கணும்டி, தலை எதிலயும் இடிக்காம" என்றாய். நான் பதிலுக்கு ஏதோ கேலி செய்தேன். ஆனால் நாளைக்கு இவள் எப்படியும் அந்த உச்சிக்குப் போயாக வேண்டும் என்று அப்போது மனதில் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த உச்சி வேண்டியதே இல்லை. நீ கூப்பிட்டாய் என்று வந்தேன். சலவைக் கடை அறையிலேயே முழு விடுமுறையையும் கழித்திருந்தாலும் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

மறுநாளைப் பற்றி நாம் இத்தனை வருஷத்தில் சரியாகப் பேசியதே இல்லை. விடிந்ததும் கிளம்பினோம். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கடைசி மேட்டில் திரும்பியதும் உச்சியில் நட்டிருந்த கம்பம் தெரிந்தது. அங்கே நிற்கும் காக்கையைக் கூட எண்ணலாம், அவ்வளவு பக்கம். காலையிலிருந்து என் கால் வலித்துக்கொண்டே இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. அந்த இடத்தில் வலி நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நெட்டை, கால் பழகிடுச்சுடி, ஒரு வலியும் தெரியல" என்று கத்தினேன். முன்னால் போய்க்கொண்டிருந்த நீ அப்படியே நின்றாய்.

திரும்பி ஓடி வந்தாய். என்னைப் பனியிலேயே உட்கார வைத்தாய். முயல் ஷூவைக் கழற்றினாய். பட்டையைப் பார்த்தாய். "பாவி, எப்போலேர்ந்துடி கட்டியிருக்கே" என்று ஒரு வார்த்தை. என் விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன, நீ கிள்ளியது எனக்குத் தெரியவில்லை. தேய்க்கப் போனேன், தேய்க்காதே என்று என் கையைத் தட்டிவிட்டாய். கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, அந்தக் குளிரில் என் இரண்டு பாதத்தையும் உன் வெறும் வயிற்றில் வைத்து மேலே எல்லாவற்றையும் போட்டு மூடிக்கொண்டாய். உன் உடம்பு தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, லேபில் நடந்த கதை எல்லாம் சொன்னாய். பெரிய டாக்டர் தன் ரத்த வகையையே மறந்த கதையைச் சொன்னாய். உணர்ச்சி திரும்ப வந்தபோது நான் அலறிய அலறலுக்கு நீ, "கத்து, நல்லா கத்து, உசுரு இருக்குன்னு அர்த்தம்" என்றாய். அப்புறம் என் காலைத் துடைத்து, உன் காய்ந்த சாக்ஸை மாட்டிவிட்டு எழுந்து, வா போகலாம் என்று கீழே பார்த்து நடந்தாய். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீ மட்டும் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வா என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இறங்கும் வழியில் ஒரு இடத்தில் என் ஷூ நாடாவைச் சரி செய்யக் குனிந்தேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்து நீ திரும்பி அந்தக் கம்பத்தை ஒரு முறை பார்த்தாய். நான் பார்த்துவிட்டேன். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் சண்டையில் கூட, விளையாட்டுக்குக் கூட, உன்னால்தான் எனக்கு அந்த மலை போயிற்று என்று நீ சொன்னதில்லை. உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாக உட்கார்ந்து நீ எதையெல்லாம் நினைத்துப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அதில் அந்தக் கம்பமும் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் இந்த வயதில் யார் ஷூ வாங்குவார்கள்?

உன் மகள் மறுபடி கூப்பிட்டாள். காய்ச்சல் ஏறியிருக்கிறதாம். டாக்டர் நாளைக் காலை வந்து கடைசியாகக் கேட்பாராம்.

அதனால் இனிமேல் சுற்றி வளைக்கப் போவதில்லை. உன் மகள் உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒற்றைக் காலோடு மலையேறினவர்களின் படங்களை எல்லாம் காட்டுகிறாளாம். எனக்கும் அனுப்பினாள். அவற்றை எடுத்து அப்பால் வை. அவர்கள் எல்லாம் இளவட்டம். உனக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, உன் எண்களை நான் கேட்டுவிட்டேன். அறுவை முடிந்து எல்லாம் நல்லபடியாக ஆறினால் நீ வீட்டுக்குள் நடப்பாய், கடைத்தெருவுக்கு மெதுவாகப் போய் வருவாய். மலையேற மாட்டாய். இதை உன் மகள் சொல்ல மாட்டாள், டாக்டர் நாசூக்காகச் சொல்வார், நான் பச்சையாகச் சொல்கிறேன். அந்த மலை உனக்குக் கிடைக்காது. அது உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அன்றைக்கு நாலு எட்டு நடந்திருந்தால் கிடைத்திருக்கும். நீ நடக்கவில்லை. அதனால் என் பத்து விரலும் இன்றைக்கு என்னிடம் இருக்கின்றன.

நான் நன்றி சொன்னதே இல்லை. நமக்குள் அந்த வழக்கமெல்லாம் கிடையாது. இப்போதும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை அந்த டாக்டர் வரும்போது, மீசை எடுபடாவிட்டாலும் பரவாயில்லை, சரி என்று சொல். எனக்குப் பதில் எழுத வேண்டாம். உன் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும், அவள் எனக்குச் சொல்லிவிடுவாள்.

நான் வருகிறேன். விசாவுக்கு வேண்டியதை எல்லாம் வீட்டுக்காரர் தயார் செய்துவிட்டார். இந்த முறை துணியைப் பெட்டியில்தான் கொண்டு வருவேன். கட்டுப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். உன் மகளை வெளியே அனுப்பிவிடலாம், அவள் பார்க்க வேண்டாம். நான் பார்க்கிறேன், எனக்கு ரத்தம் ஒன்றும் புதிதில்லை. உனக்கு அழ வேண்டும் என்றால் அழு. அந்த மலைக்காகவும் சேர்த்து அழு. நானும் உட்கார்ந்து அழுகிறேன். அதன் பிறகு இரண்டு பேருமாக அந்த ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லலாம்.

பாதிப் பாதத்தோடு இரு. காலே இல்லாமல் இரு. என்னைத் திட்டிக்கொண்டு இரு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இரு. நான் வந்து கதவைத் திறக்கும்போது நீ அந்தக் கட்டிலில் இருந்தால் போதும், நெட்டை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

என்றும் உன்,
குட்டை